சூரியத் துகள்கள் துருவத்தில் நுழைகின்றன, மதுரையில் ஏன் நுழைவதில்லை?

ஒரு கோணி ஊசியை எடுத்து, நடுவில் மெல்லிய நூல் கட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஊசி சமமாகப் படுத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சொட்டு பசை வைத்துவிடுங்கள். அப்புறம் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தால் ஊசியை ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். ஊசி ஆடி ஆடி, கடைசியில் வடக்கு தெற்காக நிற்கும். பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் கவனிப்பார்கள். நமக்கு வேண்டியது வேறு. ஊசி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மதுரையில் அது காந்தமான பிறகும் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும். வடக்கு முனை சில டிகிரிதான் தாழும், அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதே ஊசியை டெல்லிக்குக் கொண்டுபோனால் வடக்கு முனை 45 டிகிரிக்குப் பக்கத்தில் தலை குனியும். நார்வேயின் வடகோடியில் இருக்கும் ட்ரோம்சோ நகரத்தில் சுமார் 78 டிகிரி. தரையைக் குத்தப்போவதுபோலத் தொங்கும்.

பூமியின் காந்தப்புலம் அந்தந்த இடத்தில் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையைத்தான் ஊசி காட்டுகிறது. மதுரைக்கு மேலே காந்தக் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. துருவத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கின்றன. சூரியனில் இருந்து வரும் வேகமான துகள்கள் துருவப் பக்கமாகப் பூமிக்குள் இறங்குவதற்கும், நம் பக்கம் இறங்க முடியாமல் போவதற்கும் காரணம் இந்தச் சாய்வுதான்.

இதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் ஒரு விளக்கம், ‘காந்தம் இரும்பை இழுப்பதுபோலத் துருவங்கள் சூரியத் துகள்களை இழுக்கின்றன’ என்பது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் தப்பு. காந்தப்புலம் ஒரு புரோட்டானையோ எலக்ட்ரானையோ தன் முனையை நோக்கி இழுப்பதில்லை. அதனால் முடிந்தது ஒன்றே ஒன்று: ஓடும் துகளின் திசையைத் திருப்புவது.

முதலில், யார் இந்தத் துகள்கள்? சூரியனில் இருந்து எப்போதும் ஒரு மெல்லிய காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும். வேகம் சாதாரண நாளில் நொடிக்குச் சுமார் 400 கி.மீ.; பூமிக்கு வந்து சேர நாலு நாள்கூட ஆகும். இது சூரியக் காற்று. நாம் பேசுவது இதைப் பற்றியல்ல. சூரியனில் பெரிய வெடிப்பு நடக்கும்போதும், அங்கிருந்து மின்மம் (மின்னூட்டம் பெற்ற வாயு, அதாவது பிளாஸ்மா) பெரிய குமிழாகக் கிளம்பி முன்னால் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டு வரும்போதும், கொஞ்சம் துகள்கள் மட்டும் அசுர வேகம் பெறுகின்றன. துகள்களின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகால் சொல்வார்கள். அவற்றில் 10 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான், ஒளியின் வேகத்தில் 43 சதவீதத்தில் ஓடும். சூரியனின் காந்தக் கோடுகள் சுருள்வட்டமாக வளைந்திருப்பதால் நேர்வழியைவிடக் கொஞ்சம் சுற்றித்தான் வரும். அப்படியும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். வெடிப்பின் ஒளி நம்மை எட்ட எட்டே கால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டால், இந்தப் புரோட்டான்கள் எவ்வளவு அவசரக்காரர்கள் என்று புரியும்.

இந்த வெடிப்புகள் கிளம்பும் சூரியப் புள்ளிகளை மதுரைக்காரர்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், 1904-இல் இருந்து சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவருகிறது. அங்கேதான் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அதற்கு இன்றும் அவர் பெயர்தான். படகு சவாரிக்கும் பில்லர் ராக்ஸுக்கும் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த மேட்டுக்கு ஏறினால்கூட நன்றாக இருக்கும்.

சரி, அரை மணி நேரத்தில் புரோட்டான் பூமியின் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது?

பூமியைச் சுற்றிக் காந்தப்புலத்தால் ஆன ஒரு பெரிய கூடு இருக்கிறது, காந்தக்கோளம் என்பார்கள். கோளம் என்று பெயர்தானே தவிர, வடிவம் அப்படி இல்லை. சூரியனைப் பார்த்த பக்கம் சூரியக் காற்று அமுக்குவதால், பூமியின் மையத்தில் இருந்து சுமார் 65,000 கி.மீ.-இல் கூடு முடிந்துவிடும். மறுபக்கம் நிலவின் பாதையையும் தாண்டி நீண்ட வாலாக இழுபட்டுக் கிடக்கும். இந்தப் புலம் ஒன்றும் பலசாலி இல்லை. மதுரையில் தரைமட்டத்தில் அதன் வலு 40 மைக்ரோடெஸ்லா அளவு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் அலங்காரக் காந்தம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் வலுவானது. பலம் குறைவுதான், பரப்பு பெரிது. பல்லாயிரம் கிலோமீட்டர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட வேகக்காரனும் வழி மாறிவிடுவான்.

திருப்பும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. துகள் காந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓடினால், காந்தப்புலம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். கோட்டோடு ஒட்டியே ஓடினால் தள்ளவே தள்ளாது. உசிலம்பட்டிப் பக்கம் உழுதுபோட்ட நிலத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உழவுசாலை ஒட்டியே போனால் சக்கரம் அதன் பாட்டுக்கு உருளும். சாலுக்குக் குறுக்கே விட்டால் ஒவ்வொரு சாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பும். ஒரு வித்தியாசம் உண்டு: நிலத்தில் சைக்கிளின் வேகம் குறையும், காந்தப்புலத்தில் துகளின் வேகம் துளியும் குறையாது, திசை மட்டும்தான் மாறும்.

இப்போது ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு மேலே வானத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் உயரம் வரை சால்கள் எல்லாம் வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கின்றன. மேலே இருந்து இறங்க நினைக்கும் புரோட்டான் அத்தனைக்கும் குறுக்கேதான் வந்தாக வேண்டும். தூரத்தில் புலம் பலவீனம், அதனால் வளைவு பெரிதாக இருக்கும். பூமியின் மையத்தில் இருந்து 32,000 கி.மீ. தொலைவில், நாம் சொன்ன 10 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சுற்றும் வட்டத்தின் ஆரம் சுமார் 6,000 கி.மீ. கிட்டே வர வர புலம் கூடும், வட்டம் சுருங்கும். தரைக்குப் பக்கத்தில், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆரம் 40 கி.மீ.-க்கும் குறைவு, மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் உள்ள தூரம். ஆனால் அவ்வளவு தூரம் அது வந்து சேர்வதே இல்லை. வெளியிலேயே சுழன்று திரும்பிப் போய்விடும்.

துருவத்துக்கு மேலே அதே சால்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இறங்கும் திசையும் கோட்டின் திசையும் ஒன்று. கொஞ்சம் சாய்வாக வந்தாலும், கோட்டைச் சுற்றித் திருகாணிபோலச் சுழன்றுகொண்டே இறங்கிவிடும்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் நார்வேயைச் சேர்ந்த கார்ல் ஸ்டோர்மர். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒவ்வொரு துகளும் எந்தப் பாதையில் போகும் என்று கையாலேயே கணக்குப் போட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் தரைக்கு வர ஒரு துகளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற வரம்பு அவர் கணக்கில் இருந்து வந்தது. காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோட்டில் அந்த வரம்பு உச்சம், துருவத்தை நோக்கிப் போகப் போக மளமளவென்று சரியும், காந்தத் துருவத்தில் பூஜ்யம். தென் தமிழ்நாடு கிட்டத்தட்ட காந்த நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, பூமியின் காந்தம் சரியாக நடுமையத்தில் இல்லாமல் ஆசியா–பசிபிக் பக்கம் கொஞ்சம் தள்ளியிருப்பதால், இந்த வரம்பு உலகிலேயே மிக உயரமாக உள்ள பகுதிகளில் நம் பகுதியும் ஒன்று. இங்கே மேலே இருந்து நேராக இறங்க ஒரு புரோட்டானுக்குச் சுமார் 1,600 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியன் அனுப்பும் வேகத் துகள்களில் பெரும்பாலானவை 1 கோடியில் இருந்து சில பத்துக் கோடிகள் வரைதான். 10 கோடிக்காரர் இறங்க வேண்டுமானால் காந்த அட்சரேகை (காந்த நடுக்கோட்டில் இருந்து அளக்கும் அட்சரேகை) சுமார் 65 டிகிரிக்குப் போக வேண்டும். அதனால்தான் துருவம்.

ஸ்டோர்மர் தாளில் போட்ட கணக்கைக் கப்பலில் போனவர் ஒருவர் தற்செயலாக நிரூபித்தார். 1927-இல் டச்சு இயற்பியலாளர் யாகோப் கிளே, ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே கப்பலில் போகும்போது காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவியைக் கூடவே எடுத்துப்போனார். நடுக்கோட்டுப் பக்கம் கதிர் குறைந்தது. வடக்கே போகப் போகக் கூடியது. காஸ்மிக் கதிர்கள் சூரியனுக்கும் அப்பால் இருந்து வருபவை, ஆனால் பூமியின் காந்தத்துக்கு ஊர் பேர் தெரியாது. மின்னூட்டம் இருக்கிறதா, எவ்வளவு உந்தத்தோடு வருகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

துருவத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது, அது கொஞ்சம் சிக்கலானது. நம் ஊருக்கு மேலே இருக்கும் காந்தக் கோடு, தெற்கே ஓரிடத்தில் பூமியில் இருந்து கிளம்பி, வளைந்து, வடக்கே ஓரிடத்தில் பூமிக்குள்ளேயே போய் முடியும். இரண்டு முனையும் பூமியில், மூடிய கோடு. துருவத்தைச் சுற்றியுள்ள ஒரு தொப்பி அளவு பகுதியில் கோடுகள் அப்படி இல்லை. ஒரு முனைதான் பூமியில், மறுமுனை சூரியக் காற்றோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இது எப்படி நடக்கிறது என்று 1961-இல் விளக்கியவர் ஜேம்ஸ் டஞ்சி. சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அது தெற்கு நோக்கி இருக்கும்போது, பகல் பக்கக் கூட்டின் விளிம்பில் வடக்கு நோக்கி இருக்கும் பூமியின் கோடுகளோடு எதிரும் புதிருமாக மோதும். அங்கே இரண்டும் அறுந்து, ஒன்றின் முனை மற்றொன்றின் முனையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கோட்டைச் சூரியக் காற்று துருவத்துக்கு மேலாக வாலை நோக்கி இழுத்துப் போகும். இப்படித் திறந்த கோட்டில் ஏறிவிட்ட துகளுக்குத் தடை எதுவும் இல்லை, சூரியனில் இருந்து பூமியின் காற்றுமண்டலம் வரை ஒரே பாதை. ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்கள்கூட இதன் வழியே வந்துவிடுகின்றன. சில சமயம் வடதுருவத்தில் முதலில் கூடுதலாகக் கொட்டிவிட்டுத் தென்துருவத்தில் தாமதமாகக் கொட்டும். அந்த நேரத்தில் எந்தத் துருவத்தின் கோடுகள் சூரியன் பக்கம் நீள்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

படங்களில் துருவத்துக்கு மேலே புனல்போல ஒரு பள்ளம் வரைந்திருப்பார்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு, பகல் பக்கத்தில் காந்த அட்சரேகை 75 முதல் 80 டிகிரிக்குள், முன்பக்கம் மூடும் கோடுகளும் பின்பக்கம் இழுபடும் கோடுகளும் பிரியும் இடத்தில். சாதாரண சூரியக் காற்றே நேராக இறங்கும் இடம் அது. ஆனால் மிக ஒடுக்கமானது. வேகத் துகள்களுக்கு அந்தச் சந்து தேவையே இல்லை, துருவத் தொப்பி முழுவதும் அவற்றுக்கு வழிதான். எல்லாத் துகள்களும் புனல் வழியாகத்தான் வருவதுபோல வரைகிற படங்கள் இந்த இடத்தில் குழப்பிவிடுகின்றன.

இறங்கிய பிறகு என்ன? 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சுமார் 65 கி.மீ. உயரத்தில் காற்றில் மோதி நின்றுவிடும். 10 கோடி உள்ளது 35 கி.மீ.-க்குப் பக்கம் வரை இறங்கும். போகிற வழியில் காற்று மூலக்கூறுகளில் இருந்து எலக்ட்ரான்களைத் தட்டி உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்த எலக்ட்ரான்கள் சிற்றலை வானொலியை விழுங்கிவிடுகின்றன. 1956 பிப்ரவரி 23-இல் ஒரு பெரிய சூரிய வெடிப்புக்குப் பிறகு வட துருவப் பகுதி முழுக்க வானொலித் தொடர்பு அமுங்கிப்போனதை ஆராய்ந்தபோதுதான் இந்த விளைவு பிடிபட்டது.

விமானங்களுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. டெல்லியில் இருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் துருவத்தை ஒட்டிப் போகும் வழி குறுக்குவழி. ஏர் இந்தியா 2019-இல் அதைத் தொடங்கியது. 82 டிகிரிக்கு மேலே போய்விட்டால், நடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அங்கே விமானி பேச நம்பியிருப்பது சிற்றலை வானொலியை. அதையும் புரோட்டான்கள் விழுங்கிவிட்டால்? 2012 ஜனவரியில் பெரிய துகள் மழை பெய்தபோது, துருவ வழியில் போக வேண்டிய சில விமானங்களைத் தெற்கே தள்ளி விட்டார்கள். எரிபொருளும் நேரமும் கூடுதல், ஆனால் வேறு வழியில்லை. காந்தக் கூட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 1972 ஆகஸ்டில் ஏற்பட்ட துகள் மழை அந்தக் காலத்தின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் நிலவில் யாரும் இல்லாதது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

துருவ ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பச்சையும் சிவப்புமாக வானத்தில் ஆடும் அந்தத் திரைகளை உண்டாக்குவது இந்த வேகப் புரோட்டான்கள் அல்ல. அவை சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள். காந்தக்கோளத்தின் வாலில் முறுக்கேறிய கோடுகள் விடுபடும்போது பூமியை நோக்கி எறியப்பட்டு, இறங்கும் வழியில் இன்னும் முடுக்கம் பெற்று, 100 கி.மீ.-க்கு மேலே ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஒளிரவைப்பவை. அவை விழுவதும் துருவத்தின் மேலேயே அல்ல, அதைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தில். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்து படத்தில் விழுந்தது இதனால்தான். புயலின்போது வளையம் தெற்கே விரிய, மிக உயரத்தில் எழுந்த சிவப்பு மட்டும் அடிவானத்தில் எட்டிப்பார்த்தது. அதே நாட்களில், மே 11 அன்று, வேகப் புரோட்டான்களும் வந்தன. உயர் அட்சரேகைகளில் தரையில் இருக்கும் நியூட்ரான் கருவிகள்வரை அவற்றின் தடம் தெரிந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் ஒன்றுதான் என்று ஆகிவிடாது.

அப்படியானால் மதுரைக்கு ஒன்றும் இல்லையா? உண்டு, வேறு வகையில். வெடிப்பில் இருந்து வரும் எக்ஸ் கதிர் ஒளிதான். அதற்கு மின்னூட்டம் கிடையாது. காந்தப்புலம் அதைத் தொடவும் முடியாது. நேர்கோட்டில் வந்து, சூரியன் எங்கே உச்சியில் நிற்கிறதோ அங்கே பலமாக விழும். சித்திரை மாத நண்பகலில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தால், அதன் எக்ஸ் கதிர் அடி முழுதாக விழுவது நம் தலைக்கு மேலேதான். எட்டு நிமிடத்தில் மேல்வளி மின்மமாகும், சிற்றலை வானொலி அரை மணி, ஒரு மணி நேரம் செத்துப்போகும். அது ஒளி செய்த வேலை. அரை மணி கழித்து அதே வெடிப்பின் புரோட்டான்கள் வரும்போது, நம்மைத் தொடாமல் துருவங்களில் போய் இறங்கும்.

நம் ஊர்ப் பக்கம் இருக்கும் வரம்பு எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதும் இல்லை. காந்தப் புயல் அடிக்கும்போது கூடு அமுங்கி, வரம்பு கொஞ்சம் தாழும். 2015 ஜூன் 22 அன்று ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியில் (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணும் கருவி) சுமார் இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட அதிகக் கதிர்கள் பதிவாயின. சூரியனில் இருந்து வந்த மின்மக் குமிழ் பூமியின் காந்தக் கூட்டைப் பலமாக அடித்த நேரம் அது. சூரியத் துகள்கள் ஊட்டிவரை வந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. வழக்கமாகத் திரும்பிப் போயிருக்க வேண்டிய காஸ்மிக் கதிர்களில் ஒரு பங்கு, வரம்பு தாழ்ந்த நேரம் பார்த்து நுழைந்துவிட்டன என்பதே அதை ஆராய்ந்தவர்கள் சொன்ன விளக்கம்.

வாசலுக்கு வெளியே இப்போது நமக்கும் ஒரு காவல் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா-எல்1, பூமியில் இருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று, சூரியக் காற்றையும் வேகத் துகள்களையும் அளந்துகொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

‘இன்றிரவு சூரியப் புயல், செல்போனை அணைத்து வையுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தின் பக்கத்தில் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். ஆர் என்றால் வெடிப்பின் ஒளி; பகலாக இருந்தால் நமக்கும் உண்டு. ஜி என்றால் காந்தப் புயல். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும், துருவ ஒளி இதோடு சேர்ந்தது. எஸ் என்றால் இந்தக் கட்டுரையில் பேசிய புரோட்டான்கள். எஸ் எண் ஏறும்போது விமான நிறுவனங்கள் துருவ வழியைப் பற்றி யோசிக்கத் தொடங்கும். செயற்கைக்கோள்களின் கேமராக்களில் பனிபோலப் புள்ளிகள் விழும். மதுரையில் செல்போனை அணைக்க வேண்டியதில்லை.